ஃபிரிட்ஜ் செருப்பும் கன்னி மூலைக் குழியும்

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கென்று ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீலப் பட்டை வைத்த சாதாரண ரப்பர் செருப்பு. காலணியை வாசலோடு கழற்றிவிடும் வழக்கமுள்ள வீட்டில், சமையலறைக்குள் நுழைய அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் அனுமதி உண்டு. ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் அதில் காலை நுழைத்துக்கொள்ள வேண்டும். மறந்துபோய் வெறுங்காலோடு கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சிற்றெறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும். கால் ஈரமாக இருந்தால் சிற்றெறும்பு கட்டெறும்பாகும்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம், "தண்ணி வேணும்னா நீங்களே எடுத்துக்கலாம், செருப்பை மட்டும் போட்டுக்கோங்க" என்று சொல்வேன். யாரும் வியந்ததில்லை. எங்கள் குடியிருப்பின் எட்டு வீடுகளிலும் இப்படி ஏதோ ஓர் ஏற்பாடு இருந்தது. முதல் மாடியில் கிரைண்டருக்கு முன்னால் ஒரு பலகை. இரண்டாம் மாடியில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடியைப் பூரிக்கட்டையால் நெம்பித் திறப்பார்கள். கீழ்வீட்டு அக்கா, தங்கள் வீட்டு ஹீட்டர் மழைக்காலத்தில் மட்டுமே 'பிடிக்கும்' என்று, நல்ல குணமுள்ள மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் பெருமையாகச் சொல்வார். மின்சாரம் மனிதரைத் தொடுவதை நாங்கள் ஒரு குறையாகக் கருதவில்லை. அதனோடு அனுசரித்துப் போவதையே குடித்தனம் என்று நினைத்திருந்தோம்.

தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் பாதி வடிகட்டப்பட்டு வந்து சேரும் ஒரு குறுக்குத் தெருவில் அந்தக் குடியிருப்பு இருக்கிறது. கீழே கார் நிறுத்தமும் ஒரே ஒரு வீடும். மற்ற ஏழும் மாடிகளில். என் கணவர் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர். கண்ணால் காணாத எதையும் நம்புவதில்லை என்பது அவருடைய கொள்கை. அதைக் கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அறிவித்துவிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டன. வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸை மருத்துவர் தேர்ந்தெடுத்தார். வயிற்றில் நிரந்தரமாக ஒரு மெல்லிய குழாய் இருக்கும். அதன் வழியே ஒரு பை நிறைய மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து அதை வடித்து, புதிய பையை மாட்ட வேண்டும். பகலெல்லாம் இந்த மாற்றுதான். ஒவ்வொரு முறையும் கதவையும் சன்னலையும் சாத்தி, இருவரும் முகக்கவசம் அணிந்து, கைகளை முழங்கை வரை கழுவி, தூசி பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்த வேண்டும். தாம்பரத்துச் சித்திரையில் விசிறி இல்லாத அறையில் பை வடியும் வரை உட்கார்ந்திருப்பது என்னவென்று இங்கே வசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வேளைகளில் அவர் சோழர் வரியமைப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பார். வரி கட்டியவர்களைவிட அதிகமாக எனக்கு வியர்த்தது.

அவருடைய உலகம் ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவே சுருங்கிப் போயிற்று. பால் கடை வரை போவார். திரும்பும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். ஆசை என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"ஒரு முழுப் பகல் வேணும். காலையில தாம்பரத்துல எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, எழும்பூர்ல இறங்கி, அருங்காட்சியகத்துல அந்த வெண்கலச் சிலைங்களை நிதானமா பார்த்துட்டு, மத்தியானம் எங்கயாவது ஒரு மரத்தடியில உக்காந்துட்டு, பீச் வரைக்கும் போயி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பணும். நடுவுல மணி பார்க்கக் கூடாது."

அதற்கு வழி இருந்தது. இரவில் அவர் தூங்கும்போதே எல்லா மாற்றுகளையும் தானே செய்துவிடும் இயந்திரம் ஒன்று உண்டு என்றார் மருத்துவர். காலையில் கழற்றிவிட்டால் மாலை வரை பகல் அவருடையது. நாங்கள் அதற்கு எழுதிக்கொடுத்தோம். அதுவும் வந்து சேர்ந்தது.

கூடவே நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரும் வந்தார். சட்டையை ஒழுங்காக உள்ளே செருகிய, மரியாதையான மனிதர். பெட்டியைப் பிரிக்கும் முன்பே படுக்கையறை பிளக் பாயிண்டில் தம் மீட்டரின் கம்பிகளைச் செருகிப் பார்த்தார். இடம் மாற்றிச் செருகினார். பிறகு கூடத்திலும் சமையலறையிலும் பார்த்தார்.

"சார், உங்க வீட்ல எர்த் இல்ல."

"இல்லையா? மூணு ஓட்டை இருக்கே?" என்றார் என் கணவர்.

"ஓட்டை இருக்கு சார். மேல் ஓட்டைக்குப் பின்னாடிதான் ஒண்ணும் இல்ல."

என் கணவர் சற்று நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார்த்தியா," என்றார் என்னிடம், "இத்தனை வருஷமா உள்ள ஏதோ இருக்குன்னு நம்பிக்கிட்டே இருந்திருக்கேன்."

பொறியாளர் பொறுமையாக விளக்கினார். இயந்திரத்தில் மின்சாரம் கசிந்தால் அது மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் தொடுகிறவரின் உடல் வழியே இறங்கும். சாதாரணமாகத் தொடுகிறவருக்குத் தோல் என்று ஒரு தடை உண்டு. இவருக்கோ வயிற்றுக்குள் போகும் குழாய் நிறைய உப்பு நீர். "அதனால எர்த் சரியா இருந்தாத்தான் மெஷினைக் கனெக்ட் பண்ண எங்களுக்கு அனுமதி, மேடம். சரி பண்ணிட்டு ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இயந்திரம் பெட்டியோடு படுக்கையறை மூலையில் இருந்தது. முதல் வாரம் அதை மரியாதையோடு பார்த்தோம். இரண்டாம் வாரம் அதன்மேல் துண்டு காயப்போட ஆரம்பித்தோம்.

கட்டடத்துக்கு முதன்முதலில் ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியனே இன்னமும் எங்களுக்கு எலெக்ட்ரீஷியன். செய்தியைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது.

"எர்த் இல்லியா? யாரு சொன்னது? நான் என் கையால இஸ்து வுட்ட ஒயரு மேடம் அது. பச்ச ஒயரு. வாங்க, காட்றேன்."

காட்டினார். பச்சை ஒயர் எங்கள் சுவரிலிருந்து புறப்பட்டு, மற்ற வீடுகளின் பச்சை ஒயர்களோடு கூடி, நதிபோலப் பெருத்து, கட்டடத்தின் பின்புறமாகக் கீழே இறங்கியது. அவர் செய்த வேலையில் அதுவரை பழுதில்லை. கீழே வந்ததும் அது ஒரு தண்ணீர்க் குழாயில் இரும்புப் பட்டையால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. குழாய் வெள்ளை நிறத்தில் இருந்தது. நான் அதை விரலால் தட்டிப் பார்த்தேன்.

"இது பிளாஸ்டிக் ஆச்சே?"

"அட ஆமா!" என்றார். "நான் கட்றப்ப இரும்பு பைப்பு மேடம். மண்ணுக்குள்ள போச்சு. துரு புடிச்சிகினு வந்துச்சின்னு அசோசியேஷன்ல மாத்துனாங்க இல்ல? ப்ளம்பரு பாவம், ஒயரை சும்மா வுடக் கூடாதுன்னு புது பைப்புல கட்டிகிறான். கட்டு நல்லாத்தான் கீது. பைப்பு தான் மாறிட்சி."

"கசிவு வந்தா விழற டிரிப்பர் சுவிட்ச் ஒண்ணு இருக்கணுமே, அதாவது இருக்கா?"

"அது டப்பு டப்புன்னு வுழுந்துகினே இருந்துச்சி. ஒரே பேஜார்னு எல்லா வூட்லயும் கம்ப்ளெயிண்ட்டு. நாந்தான் கயட்டி வுட்டேன். அப்பறம் ஒருத்தரும் கம்ப்ளெயிண்ட்டு பண்லியே!"

எச்சரித்துக்கொண்டே இருந்த ஒன்றை நீக்கி, அதனால் கிடைத்த அமைதியை எல்லோரும் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தோம். அந்த அமைதிக்குள்தான் எங்கள் ஃபிரிட்ஜ் செருப்பும், இரண்டாம் மாடிப் பூரிக்கட்டையும் பிறந்து வளர்ந்தன.

தீர்வு எளிது. மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழி வெட்டி, இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி மூட வேண்டும். குழாயின் மேல்முனையில் ஒரு புனல். அதில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் மண் ஈரமாக இருந்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். பச்சை ஒயரை அதில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. பொது இடத்தில் வெட்டுவதால் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல் மட்டும் வேண்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பின்னாளில் நான் பல முறை நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கார் நிறுத்தத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. செயலாளர் எந்தப் பொருளையும் 'கொள்கையளவில்' ஏற்றுக்கொண்ட பிறகே எதிர்ப்பவர்.

"கொள்கையளவுல எல்லாருக்கும் சம்மதம்தான்" என்று அவர் ஆரம்பித்தார்.

"மாடி வீட்டுக்கெல்லாம் எதுக்கு சார் எர்த்து?" என்றார் பூரிக்கட்டை வீட்டுக்காரர். "நாம இருக்கறது மேல. பூமியிலயே இல்லையே!"

அவருக்குப் பதில் சொல்ல நான் வாயெடுக்கும் முன் கீழ்வீட்டு சார் கையை உயர்த்தினார். அவர் ஓய்வுக்குப் பின் வாஸ்து பயின்றவர். தினமும் காலையில் தொலைக்காட்சி அவருக்குப் பாடம் சொல்கிறது.

"மீட்டர் போர்டு எங்க இருக்கு? தென்மேற்குல. அதாவது கன்னி மூலை. கன்னி மூலை எப்பவும் உசரமா, கனமா இருக்கணும். அங்க போயி குழி வெட்டினா குடும்பத் தலைவருக்கு ஆகவே ஆகாது."

எல்லோரும் கைப்பேசியை எடுத்துத் திசை பார்த்தார்கள். கார்களின் இரும்புக்கு நடுவே ஒவ்வொரு கைப்பேசியும் ஒவ்வொரு தென்மேற்கைக் காட்டியது. ஒருவருடையதில் கன்னி மூலை எதிர்வீட்டுக்குள் இருந்தது. அவர் மிகவும் ஆறுதலடைந்தார். கடைசியில் அஸ்தமிக்கும் சூரியனைப் பார்த்து, மீட்டர் போர்டு இருப்பது தென்மேற்கேதான் என்று துக்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள்.

"எட்டு வீடு இருக்கு. எந்தக் குடும்பத் தலைவருக்கு ஆகாது?" என்று நான் கேட்டேன்.

"அப்படிப் பிரிச்சுச் சொல்லலம்மா சாஸ்திரத்துல. மொத்தக் கட்டடத்துக்கு யாரு தலைவரோ, அவருக்கு."

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். பதவி கிடைத்த நாளிலிருந்து கட்டடமே தம் குடும்பம் என்று சொல்லிவந்தவர், அன்றைக்கு முதல் முறையாக, தாம் வெறும் செயலாளர் மட்டுமே என்பதைத் தெளிவுபடுத்தினார். பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அதற்கடுத்த கூட்டத்துக்கு.

நடந்ததைச் சொன்னபோது என் கணவர் பை வடிந்துகொண்டிருக்கப் படுத்திருந்தார். விசிறி நின்றிருந்தது.

"வெட்டினா குடும்பத் தலைவருக்கு ஆகாது. வெட்டலைன்னா எனக்கு ஆகாது. இதுலேர்ந்து ஒண்ணு தெரியுது. இந்த வீட்டுக்குத் தலைவர் நான் இல்ல."

"அது இப்பத்தான் தெரியுதா?" என்றேன். முகக்கவசத்துக்குள் அவர் சிரித்தது கண்களில் தெரிந்தது. பிறகு அந்தக் கண்கள் மூலையிலிருந்த பெட்டிக்குப் போய், அதன்மேல் காய்ந்துகொண்டிருந்த துண்டில் நின்றன. அவர் சோழர்களைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் கூட்டத்துக்கு எலெக்ட்ரீஷியனையும் அழைத்து வந்தேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"இன்னா சார் இதுக்குப் போயி ரோசனை? கன்னி மூலையில கனமா இருக்கணும், அவ்ளோதானே? எங்க ஏரியா கோயில்ல கன்னி மூலைக்கு யாரு? புள்ளையாரு. குழிய மூடி, மேல ஒரு புள்ளையார வெச்சிடு. கனத்துக்குக் கனமும் ஆச்சி, காவலுக்குக் காவலும் ஆச்சி."

வேலை கைக்கு வந்தால் போதும் என்று அவர் சொன்னதுதான். ஆனால் கீழ்வீட்டு சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "கன்னி மூலை கணபதி! நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். அவருடைய மனைவி, கீழ்வீட்டு அக்கா, கட்டடத்துக்கு ஒரு பிள்ளையார் வேண்டும் என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தவர். உள்ளே போய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். காபி ஆறுவதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நோயாளி ஒருவருக்காக இரண்டு கூட்டங்களில் கிடைக்காத ஒப்புதல், பிள்ளையாருக்காக ஒரு டம்ளர் காபியில் கிடைத்தது. செயலாளர் மறுபடியும் கட்டடத்துக்குத் தலைவரானார்.

மாடிக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்தார். கொள்கைக்கும் டயாலிசிஸுக்கும் இடையிலான யோசனை அது என்று எனக்குத் தெரியும்.

"அவங்க என்ன வேணா வெச்சுக்கட்டும்," என்றார் முடிவில். "என் கையால நான் ஒரு பூ கூடப் போட மாட்டேன். சொல்லிட்டேன்."

குழி வெட்டிய நாளில் குடியிருப்பே கூடியிருந்தது. மேலே கட்டடக் கழிவு, அதற்குக் கீழே ஏரிப் பக்கத்துக் கரிய களிமண். குழாயை இறக்கி, ஒரு கரி அடுக்கு, ஓர் உப்பு அடுக்கு என்று எலெக்ட்ரீஷியன் நிரப்பிக்கொண்டு வந்தபோது, கீழ்வீட்டு அக்கா நவதானியத்தையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் உள்ளே போட்டார். செயலாளர் ஒரு பழைய செப்புக் காசைப் போட்டார்.

"போடுங்கக்கா, போடுங்க சார்," என்றார் எலெக்ட்ரீஷியன். "செம்புன்னா எர்த்துக்கு நல்லதுதான். எலுமிச்சங்கா கோச்சிக்காது."

அடுத்து மேடை. கொத்தனார் மேடையைக் கறுப்பு கிரானைட்டால் கண்ணாடிபோல் இழைத்துக் கொடுத்தார். ஒரு விளிம்பில்கூட இடைவெளி இல்லை. மாமல்லபுரத்திலிருந்து பிள்ளையார் வந்தார். நல்ல நாள் பார்த்துப் பிரதிஷ்டை ஆயிற்று. அதற்கு முன்பு மீட்டர் வைத்துச் சோதிப்பது அபசகுனம் என்று கீழ்வீட்டு சார் கருதியதால், பொறியாளருக்குச் சொல்லியனுப்புவதைத் தள்ளிப்போட்டோம். அவர் வந்து சேர்ந்தபோது கத்திரி வெயில் தொடங்கிவிட்டது.

அவர் படுக்கையறையில் மீட்டரைச் செருகினார். முகம் மலரவில்லை. கீழே போய், பச்சை ஒயர் மேடைக்குள் நுழையும் இடத்திலேயே சோதித்தார்.

"எர்த் வந்திருக்கு மேடம். ஆனா போதாது. இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு தடை காட்டுது. உள்ள மண் காஞ்சு போயிருக்கு. தண்ணி ஊத்தறீங்களா?"

நான் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தேன். அவர் பிள்ளையாரைப் பார்த்தார்.

"எங்க ஊத்தறது மேடம்? புனலு சாமிக்கு நேரா அடியில கீது. கொத்தனாரு அயகா மூடிட்டான்."

"அப்போ சாமியைக் கொஞ்சம் நகர்த்தி..." என்று பொறியாளர் ஆரம்பித்தார்.

"மூச்!" என்றார் கீழ்வீட்டு சார். "பிரதிஷ்டை ஆனவரை அசைக்கக் கூடாது. கும்பாபிஷேகம் பண்ணித்தான் தொடணும். அதுக்குப் பன்னிரண்டு வருஷம் இருக்கு."

"சார்க்கு வயித்துல டியூப் இருக்குங்க சார்" என்றார் பொறியாளர்.

"அதுக்காகத்தானே தம்பி தினமும் அவர் பேருக்கு அர்ச்சனை நடக்குது!"

பொறியாளர் தம் மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு மரியாதையோடு விடைபெற்றார். நான் படியேறிப் போனேன். என் கணவர் சட்டையை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்; பெட்டியின்மேல் கிடந்த துண்டை மடித்து எடுத்து வைத்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் துண்டை மறுபடியும் பெட்டியின்மேல் விரித்தார்.

அடுத்த பைக்கு நேரமாகியிருந்தது. எழுந்து விசிறியை நிறுத்தினேன்.

வழி, அந்த வாரமே, ஒரு புகாரின் வடிவில் வந்தது. கீழ்வீட்டு அக்கா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"ஏங்க, நான் காலையில அபிஷேகம் பண்றேன்ல, அந்தத் தண்ணி எல்லாம் கிரானைட்ல வழிஞ்சு கார் நிக்கற இடத்துல ஓடுது. செக்ரட்டரி வழுக்கி விழப் பாத்தாரு. தண்ணி ஊத்தாதீங்கன்னு என்கிட்ட சொல்றாரு. பிள்ளையாருக்குத் தண்ணி ஊத்தாம எப்படிங்க?"

மேலே ஒருவர் தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் தவிக்கிறார். கீழே ஒருவர் ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் தவிக்கிறார். இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு கிரானைட் பலகை. நான் அக்காவை அழைத்துக்கொண்டு நேராக அவருடைய கணவரிடம் போனேன்.

"சார், ஒரு சந்தேகம். அபிஷேகத் தீர்த்தம் காலடியில மிதிபடறது சரியா?"

"தப்பு. மகா தப்பு."

"பூமிக்குள்ள இறங்கிப் போனா?"

அவர் கண்ணை மூடி ஆலோசித்தார். "அது உத்தமம்" என்றார்.

"பிள்ளையாரை அசைக்காம, பக்கத்துல கிரானைட்ல மட்டும் துளை போட்டா?"

"பீடத்துல போடலாம். அவரைத் தொடாம இருந்தாச் சரி."

எலெக்ட்ரீஷியன் மறுநாளே வந்து, பிள்ளையாரின் பாதத்தருகே ஒரு துளையிட்டு, அதிலிருந்து சரிவாக ஒரு சிறு குழாயை உள்ளே புனல் வரை செலுத்தினார். மேடையைச் சுற்றி சிமெண்டால் சின்ன வரப்பு கட்டினார். வெளியிலிருந்து நேராக அந்தத் துளையில் ஊற்ற முடியாது; பிள்ளையாரின் தொந்தி மறைத்தது. தலையில் ஊற்றினால் தோளில் வழிந்து, தொந்தியில் திரும்பி, பாதத்துக்கு வந்து, துளைக்குள் சுழன்று மறையும். அக்கா ஊற்றினார். சதுர்த்தியன்று பாலும் இளநீரும் இறங்கின. இதே வேலைக்குச் சங்கம் ஒரு முறைப்பட்டியல் போட்டு, வாரம் ஒரு வீடு எர்த்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தீர்மானித்திருந்தால் இரண்டாம் வாரமே குழி காய்ந்திருக்கும். பிள்ளையாருக்கு என்றபோது ஒரு நாளும் தவறவில்லை. பூரிக்கட்டை வீட்டுக்காரர்கூடத் தம் மகனின் தேர்வுக்காக ஒரு குடம் ஊற்றினார்.

பொறியாளர் மறுபடியும் வந்தார். மீட்டரைச் செருகினார். இன்னொரு முறை செருகினார்.

"எப்படி மேடம் இவ்வளவு குறைஞ்சுது?"

"அபிஷேகம்" என்றேன். அவர் அதைத் தம் அறிக்கையில் எப்படி எழுதினார் என்பது எனக்குத் தெரியாது.

துண்டை எடுத்தோம். பெட்டியைப் பிரித்தோம். டிரிப்பர் சுவிட்சையும் திரும்ப மாட்டினார்கள். அது முதல் நாளிலேயே பல முறை விழுந்து, எந்தெந்த வீட்டில் எந்தெந்தப் பொருள் மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்பதைப் பகிரங்கப்படுத்தியது. முதல் குற்றவாளி செயலாளர் வீட்டு ஹீட்டர். கட்டடத்தில் இதன் பெருமை மூவருக்குப் பங்கிடப்பட்டது: கீழ்வீட்டு சார் கணபதிக்குக் கொடுத்தார், எலெக்ட்ரீஷியன் தமக்கே எடுத்துக்கொண்டார், செயலாளர் தம் பதவிக்காலச் சாதனைகளில் சேர்த்தார்.

இயந்திரம் பழகச் சில வாரங்கள் ஆயின. பிறகு ஒரு காலை, என் கணவர் அதிலிருந்து தம்மைக் கழற்றிக்கொண்டு, குளித்து, கஞ்சி போட்ட சட்டை அணிந்து, புறப்படத் தயாரானார். வாசலில் ஒரு தடங்கல். இரண்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்த அவருடைய தோல் செருப்பின் அடிப்பாகம் எடுத்த எடுப்பிலேயே அப்பளமாக உதிர்ந்தது. பால் கடைக்குப் போடும் செருப்போ பட்டை அறுந்து தைக்கக் கொடுத்திருந்தது.

"வாங்கிட்டு நாளைக்குப் போகலாமே" என்றேன்.

"நாளைக்கா?" என்று என்னைப் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போய், வேலையிழந்து சுவரோரம் கிடந்த நீலப் பட்டைச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வந்தார். "இது அடியே தேயாத செருப்பு. ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவுலேயே இருந்துட்டு, அதுவும் பாவம், எழும்பூர் பார்க்கட்டுமே."

அந்த வாரம் கீழ்வீட்டு அக்கா பொத்தேரியிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அபிஷேகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அவசரத்தில் நான் அன்று இன்னும் ஊற்றவில்லை. அது நினைவுக்கு வந்து படிக்கட்டுச் சன்னல் வழியே கீழே பார்த்தேன். என் கணவர் மேடையருகே நின்றிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். வாளியிலிருந்து பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு, குனிந்து, நேராகத் துளையில் ஊற்ற முயன்றார். தொந்தி தடுத்தது. இடப்பக்கமிருந்து முயன்றார், வலப்பக்கமிருந்து முயன்றார். கடைசியில் நிமிர்ந்து, ஒரு முறை பெருமூச்சு விட்டு, தலையில் ஊற்றினார்.

கீழ்வீட்டு சார் அதற்காகவே காத்திருந்தவர்போல் கதவைத் திறந்தார்.

"என்ன சார், கடைசியில நீங்களுமா!"

"எர்த்துக்கு ஊத்தறேன் சார். எர்த்துக்கு."

"ஊத்துங்க, ஊத்துங்க. நான் யாருக்குன்னு கேட்டேனா? இன்னொரு மக்கு ஊத்துங்க, வெயில் ஜாஸ்தி."

அவர் இன்னொரு மக்கு ஊற்றினார். தண்ணீர் சுழன்று உள்ளே போகும் வரை நின்று பார்த்தார். பிறகு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நீலப் பட்டைச் செருப்பு தரையில் அடிக்கும் சத்தத்தோடு கேட்டைத் தாண்டிப் போனார். திருப்பம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், அதை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வீடு மிகப் பெரிதாக இருந்தது. வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் திறந்தேன். அது ஒன்றும் செய்யவில்லை. மோரை எடுத்து வைத்துக்கொண்டு, பாதியில் நின்றிருந்த புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தேன். நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கட்டத்தில் எழுந்து, கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு, முழங்கை வரை கை கழுவிக்கொண்டு வந்து, காலியான கட்டிலின் முன்னால் நின்றேன்.

கைப்பேசி ஒலித்தது. பின்னணியில் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலும், வரிசையில் நிற்கச் சொல்லி ஓர் ஆசிரியை அதட்டுவதும் கேட்டன.

"வெண்கலத்துக்கிட்ட வந்துட்டேன்" என்றார். "ஆமா, நீ இப்ப விசிறியை நிறுத்திட்டு நிக்கறியா?"

"இல்லையே" என்றேன்.

"சரி, சரி," என்றார். "போட்டுக்கோ."